ஓரியின் முன் வாசித்தவர்கள்

நேரில் கேட்ட கச்சேரியை நினைத்துப் பார்ப்பது கேட்டவர்களுக்கு மட்டுமே உரிய காரியம் என்று நாம் பழகிவிட்டோம். மார்கழி முடிந்த பிறகும், திருவிழாக் கொடி இறங்கிய பிறகும், இசை தெரிந்த நான்கு பேர் கூடினால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். அன்றைக்கு அந்தத் தோடி, அந்தத் தவில் தனி, விடியும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வாசித்தவர்களுக்கும் அந்த இரவைப் பற்றி ஒரு நினைவு இருக்கும், அதற்குள் எதிரே உட்கார்ந்திருந்த நாமும் இருப்போம் என்பது பேச்சில் வருவதே இல்லை. கொல்லிமலையோடு சேர்ந்த ஒரு சங்கப் பாட்டு இந்த வழக்கத்தைப் புரட்டிப் போடுகிறது. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் ஓர் இசைக்குழு, தன் முன்னால் நின்று கேட்ட ஒரே ஒரு மனிதனைப் பிரியத்தோடு நினைவுகூர்கிறது. பாடியவர் வன்பரணர். கேட்டவன் வல்வில் ஓரி. முன்கூட்டியே எழுதிவைக்காமல், கூடியிருக்கும் இடத்தில், அந்த நேரத்தில் விரிகிற இசைக்கு இரண்டு பக்கத்திலும் நினைவு வேண்டும். கேட்டவர் பக்கத்து நினைவை மட்டும் சேர்த்துவைத்துக்கொண்டிருக்கும் நம் ரசனை பாதி ரசனைதான். இதைச் சொல்ல அந்தப் பாட்டைவிட நல்ல சாட்சி தமிழில் எனக்குத் தெரியவில்லை.

பாட்டு ஒரு அம்பில் தொடங்குகிறது. அது யானையை வீழ்த்தி, புலியைச் சாய்த்து, மானை உருட்டி, பன்றியைக் கிடத்தி, கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பில் போய்ச் செருகி நிற்கிறது. நாடோடிகளாக வந்த இசைக்குழுவினர் அதைப் பார்க்கிறார்கள். எய்தவன் யார் என்று தெரியவில்லை. கூலிக்கு வேட்டையாடுகிறவன் மாதிரி இல்லை, மார்பில் மாலை கிடக்கிறது, செல்வமுள்ளவனாகத் தெரிகிறான், ஓரியாக இருப்பானோ, இல்லையோ. சந்தேகம் தீரவில்லை. தீராமலேயே குழுவின் தலைவன் விறலியைப் பார்த்து, நான் ஒரு வண்ணம் பாடப்போகிறேன் என்கிறான். பிறகு மற்றவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறான். முழவுக்கு மண் பூச வேண்டும். யாழில் பண் நிறுத்த வேண்டும். யானையின் துதிக்கை போல நீண்ட தூம்பை ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லரியும் ஆகுளியும் தொடர வேண்டும். பதலையின் ஒரு பக்கத்தை மட்டும், அதையும் மெதுவாக, இயக்க வேண்டும். இப்படிச் சொல்லிக்கொண்டே அவனை நெருங்கி, இருபத்தொரு துறைகளையும் முறைப்படி பாடி முடிக்கிறார்கள். முடிவில் தலைவனே என்று விளிக்கிறார்கள். அந்தப் பெயர் தனக்கு உரியது என்பதால் அவன் நாணுகிறான். நாடு நாடாக வருகிறோம், உன்னைப் போல வேட்டுவன் எங்கும் இல்லை என்று இவர்கள் சொல்லி, தாங்கள் வேண்டுவதைச் சொல்ல வாயெடுக்கும்போதே அதைச் சொல்ல விடாமல், தானே வேட்டையாடிய மானின் இறைச்சியையும், உருக்கிய நெய் போன்ற கள்ளையும், தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் வழியிலேயே கொடுத்துவிடுகிறான்.

இந்தப் பாட்டை எல்லோரும் கொடைக்காகப் படிக்கிறார்கள், வில்லுக்காகப் படிக்கிறார்கள். ஒரு கச்சேரிக் குறிப்பாகப் படித்தால் வேறு விஷயங்கள் மேலே வருகின்றன. பதலையின் ஒரு கண்ணை மட்டும் மெல்ல வாசி என்ற அந்தக் கட்டளையைப் பாருங்கள். புகழ்ந்து பாடுவதற்கு அது தேவையே இல்லை. ஓரியின் பெருமை அதனால் ஒரு அங்குலமும் உயரவில்லை. வாசிப்பவர்களுக்குள் மட்டும் புழங்குகிற பேச்சு அது: முன்னால் பாட்டு போகிறது, கனமான தாளக்கருவி அதை மூடிவிடக் கூடாது. இன்றைக்கும் கச்சேரி தொடங்குவதற்குச் சற்று முன்னால் மிருதங்கக்காரர் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் வழித்தெடுத்து, மறுபடி தட்டுவதைப் பார்க்கலாம். முழவுக்கு மண் பூசுவதும் அதே வேலைதான், அதே பொறுமைதான். இதையெல்லாம் வைத்துக்கொண்ட பாட்டு, பாடிய வண்ணத்தின் மெட்டு எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லவில்லை. இருபத்தொரு துறை என்ற எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பதிலாக, கேட்டவன் நாணினான் என்பதை வைத்துக்கொண்டது. குழுவின் நினைவில் அன்றைய இசையின் உச்சம் அங்கே இருந்திருக்கிறது. தங்கள் பாட்டு எதிரே நின்றவனிடம் என்ன செய்தது என்பதை அவர்கள் அவன் முகத்தில் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் விரியும் இசை என்று சொல்லும்போது தமிழ் வாசகருக்கு ஆலாபனையும் நிரவலும் கற்பனாஸ்வரமும் தனி ஆவர்த்தனமும் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் இதற்கு நெருங்கிய இனமாக ஜாம் பேண்ட் என்று ஒரு வகை இருக்கிறது. பாட்டு அவர்களுக்குப் புறப்படும் இடம் மட்டும். அங்கிருந்து எவ்வளவு தூரம் போவார்கள், எப்போது திரும்புவார்கள் என்பது அன்றைய மேடைதான் முடிவு செய்யும். 1965-இல் கலிபோர்னியாவில் உருவான கிரேட்ஃபுல் டெட் குழு இதற்குத் தலைப்பிள்ளை. அவர்களுடைய ‘டார்க் ஸ்டார்’ 1968-இல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. அடுத்த ஆண்டு ‘லைவ் டெட்’ தொகுப்பில் அதே பாட்டு சுமார் 23 நிமிடம் ஓடி, தட்டின் ஒரு பக்கத்தை முழுக்க அடைத்துக்கொண்டது. நம் பக்கத்தில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). தோடி என்றால் இன்றும் அவர் பெயர்தான். அவர் காலத்து 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் அடங்கும். திருவிழாவில் மணிக்கணக்காக விரிந்ததை அதற்குள் மடித்து வைத்தார்கள். தட்டில் இருக்கும் தோடி அற்புதமானது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கும்போது, எப்போது முடிப்பது என்பதைக் கடிகாரம் முடிவு செய்கிறது. தேர்வீதி முனையில் சுவாமி நிற்கும்போது அதைக் கூட்டம் முடிவு செய்கிறது.

இந்தக் கடைசி விஷயம் என் வாதத்துக்கு அடித்தளம் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மல்லாரியோடு சுவாமி புறப்பட்டு, வீதி முனையில் நிற்கிறார். நாதஸ்வரக்காரர் சீவாளியை மாற்றுகிறார். இரவின் ஈரத்துக்கு முந்தியது ஒத்துவரவில்லை. புதியதை வாயில் வைத்து நனைத்து, இரண்டு முறை ஊதிப் பார்த்துப் பொருத்துகிறார். ஒத்து விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ராகத்தை எடுக்கிறார். ஒரு பிடியில் முன்வரிசையில் யாரோ ஒருவர் தலையை ஆட்டுகிறார், இன்னொருவர் பலே என்கிறார். அதே பிடியை அவர் மறுபடி வேறு முகமாகத் திருப்பிப் பார்க்கிறார். அது எடுபட்டது என்று தெரிந்ததால்தான் திருப்புகிறார். ஸ்பெஷல் தவில்காரர் விரல்களில் கூடுகளைச் சரிசெய்துகொண்டு காத்திருக்கிறார். தாளம் போடும் கைகள் கூட்டத்தில் எத்தனை இருக்கின்றன என்பதை அவர் பார்க்காமல் இல்லை. சொல்லைச் சிக்கலாக்கலாமா, எளிமையாக இறக்கிவிடலாமா என்பது அந்தக் கைகளைப் பொறுத்தது. ஆக, கேட்கிறவர் வெறும் சாட்சியாக நிற்கவில்லை. இசை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பங்கு இருந்தது. அப்படியானால் அந்த இரவின் முழு நினைவு கேட்டவரிடம் மட்டும் இருக்க முடியாது. எந்தத் தலையாட்டலுக்கு எந்தப் பிடி பிறந்தது என்பது ஊதியவருக்குத்தான் தெரியும்.

ஒலிப்பதிவு வந்த பிறகு இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நினைவு தவறும், நாடா தவறாது. கிரேட்ஃபுல் டெட் குழுவே இதற்குச் சாதகமான சாட்சிபோலத் தெரியும். தங்கள் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவுசெய்துகொள்ள அவர்கள் இடம் கொடுத்தார்கள். 1984 முதல் பதிவுசெய்கிறவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். விற்கக் கூடாது, கை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. முப்பது ஆண்டுகளில் சுமார் 2,300 கச்சேரிகள் நடத்திய குழு அது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவத்தில் நாடாவில் இருக்கின்றன. அவற்றில் மிகப் புகழ்பெற்றது 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011-ஆம் ஆண்டுக்கான தேர்வில் அது இடம்பெற்றது. இவ்வளவு துல்லியமாகப் பதிவான கச்சேரியைப் பற்றியும் போனவர்கள் என்ன பேசுகிறார்கள்? அன்றைக்கு மே மாதத்தில் பனி பெய்தது, வெளியே வந்தபோது எங்கும் வெள்ளை. நாடாவில் பனி இல்லை. ஒலிப்பதிவு வந்ததால் நினைவு வேலையை விடவில்லை என்பதற்கு இது போதும்.

ஆனால் இந்தப் பதிலோடு நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை, ஏனென்றால் கார்னெல் கச்சேரி எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு நல்ல ஆயுதம். அந்தக் கச்சேரி புகழ்பெற்றதற்குப் பெரிய காரணம் பெட்டி கான்டர் என்ற ஒலிப்பொறியாளர் அதை எடுத்த தெளிவு. அவர் எடுத்த நாடாக்கள் 1980-களில் ஏலத்தில் போய், ரசிகர்கள் கையில் பெருகின. அதே வசந்தத்தில் அதே குழு வாசித்த வேறு இரவுகள் சற்றும் குறைந்தவை இல்லை என்று அவர்களுடைய பழுத்த ரசிகர்களே வாதாடுகிறார்கள். எனவே எது நினைவில் நிற்க வேண்டும் என்பதை நாடா தேர்ந்தெடுக்கிறது; நல்ல ஒலிவாங்கி கிடைத்த இரவு வரலாறாகிறது, கிடைக்காத இரவு மங்கிப்போகிறது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒப்புக்கொண்டால் அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. நாடாவும் ஒரு காதுதான்; கேட்கிற பக்கத்தில் வைத்த காது. மேடையில் இருந்தவர்கள் எந்த இரவைத் தங்கள் இரவாக நினைத்தார்கள் என்பதை அது சொல்லாது. பதிவுசெய்வதைப் பற்றி அந்தக் குழுவின் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியாவிடம் கேட்டபோதெல்லாம், நாங்கள் வாசித்து முடித்ததும் அது அவர்களுடையது என்ற பொருளில்தான் அவர் பேசினார். அது பெருந்தன்மை. அதில் ஒரு உறவும் இருக்கிறது. வாசிக்கிறவர் கேட்கிறவருக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறார், கேட்கிறவர் விற்காமல் அதைக் காக்கிறார். ஓரியின் காட்டுவழியில் நடந்த பரிமாற்றத்துக்கு இது அவ்வளவு தூரமில்லை.

இரண்டாவது மறுப்பு தமிழ் அறிந்தவர்களிடமிருந்து வரும், அதுதான் கடினமானது. 152-ஆம் பாட்டை ஒரு நினைவுக் குறிப்பாக எடுத்துக்கொள்வது சரியா? அது பரிசில் விடை என்ற துறையில் அமைந்த பாடாண் பாட்டு. வன்பரணர் பாணர் வாயில் வைத்துப் பேசுகிறார்; அவர் அங்கே இருந்தாரா என்பதே கேள்வி. மேலும் அவரே கண்டீரக் கோப்பெருநள்ளியைப் பாடிய 150-ஆம் பாட்டிலும் இதே காட்சி வருகிறது: காட்டில் பசித்துக் கிடக்கும் இரவலர், முன்பின் தெரியாத வேட்டுவன் ஒருவன், அவன் சுட்டுக் கொடுக்கும் இறைச்சி, கழற்றிக் கொடுக்கும் அணிகலன். ஒரே அச்சில் இரண்டு வார்ப்பு என்று சொல்லலாம். நானும் இரண்டையும் அருகருகே வைத்துத்தான் படிக்கச் சொல்வேன். நள்ளியின் பாட்டில் இசை இல்லை. அங்கே அந்த வேட்டுவன் தன் நாட்டையும் சொல்லவில்லை, பெயரையும் சொல்லவில்லை, கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான், அவன் யார் என்பது பிறகு வழியில் பிறர் சொல்லித்தான் தெரிகிறது. ஓரியின் பாட்டில் வாத்தியங்கள் எழுகின்றன, இருபத்தொரு துறையும் பாடப்படுகிறது, அந்தப் பாட்டு போய்த் தொட்டதும் அவன் முகம் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரே புலவர், ஒரே அச்சு. நடுவில் இசை வந்தபோது மட்டும் கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் இடையே ஒரு அறிமுகம் நடக்கிறது. மரபு கொடுத்த சட்டகத்துக்குள் வன்பரணர் சொந்தமாக வைத்தது இதைத்தான். அவர் நேரில் இருந்தாரா என்பது இதற்குப் பிறகு எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. வாசிப்பவர்கள் ஒரு நல்ல கேட்பவனை எப்படி நினைவில் வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது மறுப்பு பசியைப் பற்றியது. இதை நான் லேசாகக் கடக்க முடியாது. பாணர் கூட்டம் காட்டில் அலைந்தது இசைப் பயணத்துக்காகவா? வயிற்றுக்காக. அவர்கள் ஓரியைப் பிரியத்தோடு நினைத்தது அவன் கொடுத்ததால்தானே, இதில் ரசனை உறவு எங்கே வந்தது என்று கேட்டால், வன்பரணரே இந்தக் கேள்விக்கு முன்னால் நின்றவர் என்று சொல்வேன். நள்ளியைப் பாடிய 149-ஆம் பாட்டில், அவன் கொடுத்துக் கொடுத்தே பாணர்கள் மாலையில் மருதத்தையும் காலையில் செவ்வழியையும் மாற்றி வாசிக்கிறார்கள், பண்ணுக்கு உரிய நேரத்தையே மறந்துவிட்டார்கள் என்கிறார். ஓரியைப் பாடிய 153-இல் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பொன்னும் மணியும் யானையும் பெற்றுத் திரும்பிய கூட்டம் பசி தீர்ந்ததாலோ என்னவோ, வாத்தியங்கள் ஒலிக்கும்போதும் ஆட முடியாமல், பாட்டையும் மறந்து நிற்கிறது. புகழ்ச்சியாகச் சொன்னது என்பது தெரிகிறது. ஆனால் புரவலன் ஒருவனின் முகத்துக்கு நேரே, உன் கொடை எங்கள் இசையை நிறுத்திவிட்டது என்று சொல்கிற துணிச்சலும் அதில் இருக்கிறது. பசியில் பாடுவது, நிறைந்த பிறகு மறப்பது, இந்த இரண்டுக்கும் நடுவில் 152-ஆம் பாட்டு நிற்கிறது. அங்கே அவர்கள் கேட்பவன் யார் என்று உறுதியாகத் தெரியாமல் வாசிக்கிறார்கள். பரிசு உண்டா இல்லையா என்பது தெரியாத அந்தச் சில நாழிகையில்தான் பதலையை மெல்ல வாசி என்ற கவனம் பிறக்கிறது. பரிசுக்கும் இசைக்கும் உள்ள தொடர்பை வன்பரணர் மறைக்கவில்லை; அந்தத் தொடர்பு ஒரு கணம் தளர்ந்தபோது என்ன நடந்தது என்பதைக் காட்டினார்.

பசியோடு சேர்ந்து வருவது மரியாதை. சங்க காலத்தில் அரசனோடு அமர்ந்து உண்ட பாணர், சில நூற்றாண்டுகளில் கோயிலுக்கு வெளியே நிற்கும்படி ஆயிற்று. திருப்பாணாழ்வார் வரலாறு அரங்கனின் காவிரிக்கு இக்கரையில் தொடங்குவது அதனால்தான். திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தரோடு ஊர் ஊராகப் போனவர். தருமபுரத்தில் பதிகம் யாழில் அடங்காமல் போக, யாழை உடைக்கப் போனார் என்று சொல்லும் பெரியபுராணம், பாடியவரின் புகழுக்காக அந்தக் கதையைச் சொல்கிறது. யாழை ஓங்கிய கைக்குள் என்ன இருந்திருக்கும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் தேவாரத்துக்குப் பண் வகுக்க ஆள் தேடியபோது, அந்த யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடம்தான் போக வேண்டியிருந்தது என்கிறது திருமுறை கண்ட புராணம். பதிகம் ஏட்டில் இருந்தது, பண் வாசித்தவர் வீட்டில் இருந்தது. கேட்டவர்கள் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடையாது. நாதஸ்வரக்காரர்களும் தோளில் துண்டு போடும் உரிமைக்காகச் சண்டை போட வேண்டியிருந்த காலம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. மேடை போட்டு உட்கார்ந்து வாசிக்கும் கௌரவத்தை நாதஸ்வரத்துக்கு வாங்கித் தந்தவர் என்று ராஜரத்தினத்தைச் சொல்வார்கள். அவர் தோடியை வியந்து எழுதியவர்கள் ஏராளம். அதே இரவுகளை நின்றுகொண்டே வாசித்த தலைமுறை எப்படி நினைத்தது என்பதற்கு நம்மிடம் பக்கங்கள் மிகக் குறைவு.

கேட்டவர்களின் நினைவை நான் மட்டம் தட்டவில்லை. அதன் சிறந்த வடிவம் என்ன செய்யும் என்பதற்கு, புறநானூற்றை 1894-இல் அச்சில் கொண்டுவந்த அதே உ.வே. சாமிநாதையரே சாட்சி. மகா வைத்தியநாதையர் 1893-இல் மறைந்தார். இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியது 1902-இல். அந்தக் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. திருவாவடுதுறையில் அவரைக் கேட்டவர் உ.வே.சா. கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் என மூன்று பேரைப் பற்றி அவர் எழுதிவைத்த நூல்கள் இல்லாவிட்டால் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் இசையில் ஒரு பெரிய இடம் வெறுமையாகக் கிடந்திருக்கும். அவர் எழுத்தில் இன்னொரு நல்ல குணம், பாட்டோடு ஆளையும் பார்ப்பது. யார் யாரோடு எப்படிப் பேசினார்கள், எதற்குக் கோபித்தார்கள், எந்த மடத்தில் என்ன மரியாதை நடந்தது. அவரளவுக்குப் பார்த்தவர்கள் அவருக்குப் பின் குறைந்துபோனார்கள். நம் இசை நினைவுகளில் ராகப் பெயர்கள் கூடின, வாசித்த ஆட்களின் மனம் குறைந்தது.

நினைவு ஊதிப் பெருக்கும் என்ற குற்றச்சாட்டு ஒன்று மிச்சம் இருக்கிறது. எட்டு மணி நேரத் தோடி, இரவு முழுக்க ஒரே ராகம், அணைந்த விளக்குகள் என்றெல்லாம் கதை வளரும்போது கணக்குப் பார்க்கிறவர் சிரிப்பார். மணிக்கணக்கைப் பொறுத்தவரை அவர் பக்கம்தான் நியாயம். ஆனால் எது பெரிதாகிறது என்று கவனித்தால், எங்கே இசை கேட்டவரைத் தொட்டதோ அந்த இடம்தான் பெரிதாகிறது. ஒரு அம்பு ஐந்து உயிர்களைத் துளைத்தது என்பதும் அப்படி ஊதியதுதான்; யாரும் அதை அளந்து பார்ப்பதில்லை. எனக்கு வருத்தமெல்லாம் வேறு வகையான மிகையில். இறந்தவரின் ராகத்தை எடுத்து இருப்பவரின் தலையில் அடிப்பதற்கென்றே சில நினைவுகள் வளர்க்கப்படுகின்றன. அந்தக் காலத்து வாசிப்பு இனி வராது என்று சொல்லிக்கொண்டே, எதிரே ஊதிக்கொண்டிருக்கும் இளைஞனுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறோம். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) தவிலைப் பற்றி ஈழத்திலும் தமிழகத்திலும் வளர்ந்த பேச்சு இதற்கு நேர் எதிரானது. அதில் பெரும்பகுதி அவரோடு வாசித்தவர்கள், அவருக்கு எதிரே தவில் கட்டியவர்கள் சொன்னது. அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்திலும் அந்தக் குரல்களுக்கு இடம் உண்டு. சக கலைஞர் ஒருவர் இன்னொருவரின் கையை நினைவுகூரும்போது ஊதல் குறைந்து விவரம் கூடுகிறது. அது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றான வாழவந்தி நாட்டில் செம்மேடு இருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் முதலில் இறங்குவது பெரும்பாலும் அங்கேதான். ஓரிக்குச் சிலை அங்கே நிற்கிறது. ஆடிப்பெருக்கை ஒட்டி ஆண்டுதோறும் அரசு வல்வில் ஓரி விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டி நடக்கிறது, மலர்க் கண்காட்சி நடக்கிறது, மேடையில் கலைநிகழ்ச்சிகளும் நடக்கின்றன. வில்லுக்குப் போட்டி வைத்தது பொருத்தமானது. ஆனால் ஓரி என்ற பெயர் இரண்டாயிரம் ஆண்டு தாண்டி வந்தது அவன் அம்பால் இல்லை. பெயர் தெரியாத அந்தக் குழு வாத்தியங்களைச் சுருதி சேர்த்ததால். விழாவின் இசைப் பங்கை இந்தக் கணக்கில் பார்த்தால் மாற்ற வேண்டியவை கண்ணுக்கு முன்னால் தெரியும். மேடையில் ஏறும் குழுவுக்குப் பதினைந்து நிமிடம், அதற்குள் அடுத்த குழு படியில் நிற்கிறது என்ற அரசு விழாக்களின் வழக்கம் இங்கே வேண்டாம். நாதஸ்வரமோ தவிலோ, மலைவாழ் மக்களின் சொந்த மேளமோ, ஏதாவது ஒன்றுக்கு ஒரு இரவு முழுவதையும் கொடுக்கலாம். கடிகாரம் பார்க்காமல் வாசிக்க விட்டு, வாசித்து முடிந்தபின் அவர்களிடம் உட்கார்ந்து பேசி, அன்று கூட்டம் எப்படிக் கேட்டது என்பதை அவர்கள் வாயாலேயே பதிவுசெய்யலாம். முன்பெல்லாம் கல்யாணப் பத்திரிகையிலும் திருவிழா நோட்டீசிலும் நாதஸ்வரம், தவில், ஒத்து, தாளம் என்று ஊர்ப் பெயரோடு வாசிப்பவர் பெயரை அச்சிடுவார்கள். இப்போது அந்த இடத்தில் ‘மங்கள வாத்தியம்’ என்ற இரண்டு சொல்லே போதும் என்றாகிவிட்டது. விழா அழைப்பிதழில் அமைச்சர், ஆட்சியர் பெயர்களுக்கு அடுத்து, அதே அளவு எழுத்தில், தாளம் போடுகிறவர் வரை எல்லாருடைய பெயரும் வர வேண்டும்.